மணல் தொட்டிச் சம்பவம் குறித்து மாப்பிள்ளைக்கு

குத்துக்கல்வலசை,
ஆனி மாதக் கடைசி, வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாண்டியராஜ் அவர்களுக்கு மாமனார் முத்துராமலிங்கம் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். மனசுக்கு எப்படி என்பதைக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் ஜோத்பூரில் வெயில் கொளுத்துவதாகச் செய்தியில் சொன்னார்கள். மோர் நிறையக் குடிக்கவும். இங்கே சாரல் பிடித்துவிட்டது. மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுவதால் குளிக்க விடவில்லை, கூட்டம் முழுக்க ஐந்தருவிப் பக்கம் திரும்பியிருக்கிறது. உங்கள் மனைவி ஜெயசித்ரா தினமும் குடையை மறந்துவிட்டு மின்வாரிய ஆபீசுக்குப் போய் நனைந்து வருகிறாள், அது ஒன்றுதான் குறை. குழந்தை நாச்சியாரும் நலம். இப்போதைக்கு நலம் என்று எழுதுவதுதான் சரியாக இருக்கும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே உங்கள் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதுவும் போக, ராணுவத்தில் இருப்பவருக்கு எதையும் எழுத்தில் கொடுப்பதுதான் முறை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவன். வாயால் சொன்னால் எனக்கு முன்னுக்குப் பின் வரும், எழுதினால்தான் கோர்வையாக வரும். இந்தத் தடவை எழுத்திலும் கோர்வை வருமா என்று தெரியவில்லை, ஏனென்றால் எனக்கே இன்னும் ஒன்றும் புரிந்தபாடில்லை.

விஷயம் இதுதான். நம் நாச்சியார் பேரில் பள்ளிக்கூடத்தில் ஹிஸ்டரி ஷீட் திறந்திருக்கிறார்கள். ரவுடிகளுக்குத் திறப்போமே, அதே ஹிஸ்டரி ஷீட்.

பதற வேண்டாம். நிதானமாகச் சொல்கிறேன். நீங்களும் ஜெயசித்ராவும் சேர்ந்து தேர்ந்தெடுத்த தட்டாம்பூச்சி மழலையர் பள்ளியில்தான் பிள்ளையைச் சேர்த்தோம். வீட்டுக்குப் பக்கம், காற்றோட்டம், மாமரம், எல்லாம் சரி. நாலு வயசுப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பிள்ளையோ முதல் நாளிலிருந்தே சட்டைப் பையில் மணலோடு வருகிறது. "இன்னைக்கு என்ன தாயி படிச்சே?" என்றால் "விளையாண்டேன்" என்கிறது. மறுநாளும் "விளையாண்டேன்". அதற்கும் மறுநாள், "நல்லா விளையாண்டேன்". பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் டீச்சர் முஹ்ஸினாவிடமே போய்க் கேட்டேன். கடையநல்லூர்ப் பிள்ளை, மரியாதை தெரிந்த பிள்ளை, நாற்காலி எடுத்துப் போட்டுத்தான் பேசியது. "ஐயா, இந்த வயசுல விளையாட்டுதான் படிப்பு" என்றது. "அப்பம் படிப்பு எப்பம்மா?" என்றேன். "அதான் ஐயா, விளையாடும்போதுதான்" என்றது. "விளையாட்டு எப்பம்?" என்றேன். "படிக்கும்போது" என்றது. நான் வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு ஆப் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிவருவது நான் என்பதால் என் போனிலும் அதைப் போட்டுத் தந்திருந்தாள் உங்கள் மனைவி. ஒரு நாள் மத்தியானம் அது டிங் என்றது. திறந்து பார்த்தால் 'கவனிப்புக் குறிப்பு' என்று தலைப்பு. கீழே உள்ளதை ஒரு எழுத்து மாறாமல் தருகிறேன்:

"இடம்: மணல் தொட்டி. நேரம்: காலை இடைவேளைக்குப் பின். உடனிருந்தவர்: ரிஃபாத். நாச்சியார் ரிஃபாத்தின் கையிலிருந்த சட்டியை எடுத்துக்கொண்டாள். 'இது என் கடை. காசு குடுத்தாத்தான் சட்டி' என்றாள். ரிஃபாத் ஒரு மா இலையைக் கொடுத்தான். நாச்சியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இது கிழிஞ்ச நோட்டு, செல்லாது' என்றாள்."

கூடவே போட்டோ. பிள்ளை கையும் சட்டியுமாக நிற்கிறது.

மாப்பிள்ளை, சம்பவ இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, பொருள் இருக்கிறது, சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலம் அவர் சொன்ன வார்த்தையிலேயே இருக்கிறது. இதை நான் ஆயுசு பூராவும் எழுதியிருக்கிறேன். இது என்ன என்று எனக்கா தெரியாது? கேஸ் டைரி. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. கடைசியில் 'அடுத்த படி' என்று போட்டு, "நாளை மணல் தொட்டியில் கூடுதலாகச் சட்டிகளும் டம்ளர்களும் வைத்து, நாச்சியார் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தது. பொருளை வேண்டுமென்றே கண்ணில் படும்படி வைத்துவிட்டு ஒளிந்திருந்து பிடிப்பது! எங்கள் இலாகாவில் இதைச் செய்ய டி.எஸ்.பி.யிடம் அனுமதி வாங்க வேண்டும். இங்கே ஒரு டீச்சர் தானே முடிவு செய்து தானே எழுதிவிட்டாள். மறுநாள் அடுத்த குறிப்பு வந்தது: "நாச்சியார் எல்லாச் சட்டிகளையும் தன் பக்கம் சேர்த்து, பெரியது சிறியது என்று வரிசையாக அடுக்கினாள்." சூது வாது தெரியாத பிள்ளை, வைத்த கண்ணியில் நேராகப் போய் விழுந்துவிட்டது.

என்னோடு வேலை பார்த்து ரிட்டயரான ஏட்டு கடற்கரையை உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தில் பந்தியைக் கவனித்தவர். அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். "அண்ணாச்சி, நாம எழுதுனதவிட இது சுத்தமால்லா இருக்கு. ஒரு அடித்தல் திருத்தல் கெடையாது" என்றார். பாராட்டுகிறாரே என்று பார்த்தால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிள்ளை பேர்ல இப்பமே பேப்பர் சேருதே அண்ணாச்சி. நாளைக்கு ஒரு கவர்மெண்ட் வேலைக்குப் போனா போலீஸ் வெரிபிகேஷன்ல இது முன்னால வந்து நிக்குமே" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை பேருக்கு நானே வெரிபிகேஷன் எழுதியிருக்கிறேன்! என் பேத்திக்கு எவனோ ஒரு ரைட்டர் உட்கார்ந்து 'சிறு வயதிலேயே சட்டி' என்று எழுதுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உங்கள் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கிறாள். "அப்பா, எவ்வளவு ஆசையா எழுதியிருக்காங்க! நான் இத ஸ்டேட்டஸ்ல வச்சிருக்கேன், பாக்கலியா?" என்கிறாள். மேற்படி ஆவணத்தைச் சொந்தத் தாயே ஊர் முழுக்கச் சுற்றுக்கு விட்டிருக்கிறாள், மாப்பிள்ளை. நீங்களும் அதற்கு ஒரு இருதயப் படம் போட்டிருப்பதைப் பார்த்தேன். எல்லையில் இருப்பவருக்கு விஷயத்தின் தீவிரம் தெரிந்திருக்க நியாயமில்லை என்று அதை மன்னித்துவிட்டேன்.

இதற்கிடையில் பள்ளியிலிருந்து ஒரு வேண்டுகோள். வீட்டில் வீணாகக் கிடக்கும் சிரட்டை, பாட்டில் மூடி, கயிறு, துணித் துண்டு எல்லாம் அனுப்பச் சொல்லி. விளையாட்டுப் பொருளாம். கொட்டி விற்றாலும் விலை போகாத சாமானைக் கேட்டு வாங்குகிற பள்ளிக்கூடத்தை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? தொண்டிப் பொருள், அதாவது கேசுக்குச் சாட்சிப் பொருள் சேர்க்கிறார்கள் என்று உடனே புரிந்துவிட்டது. நான் விடுவேனா? ஒவ்வொன்றையும் எண்ணி, முறைப்படி கைப்பற்றல் மகஜர் எழுதி, நானும் கடற்கரையும் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, டீச்சரிடம் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டது. மறுநாள் போனால் என் மகஜருக்குக் கண்ணாடித் தாள் ஒட்டி, பிள்ளைகள் கண் உயரத்தில் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மேலே 'எங்கள் வீடுகளில் எழுத்து' என்று தலைப்பு. பக்கத்தில் ரிஃபாத் வீட்டுப் பலசரக்குச் சீட்டு. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் வைத்தார்கள். ஜெயசித்ராவுக்கு லீவு இல்லை, நான் போனேன். சுவரில் ஒரு பெரிய சார்ட்டு. நடுவில் 'கடை' என்று எழுதி நாச்சியார் போட்டோ. அதிலிருந்து நாலா பக்கமும் கோடுகள். ஒரு கோட்டில் 'அளத்தல்', ஒன்றில் 'பேரம்', ஒன்றில் 'பங்கு வைத்தல்'. இன்னொரு கோட்டின் முனையில் ரிஃபாத் போட்டோ. சீட்டாட்டக் கும்பலைப் பிடிக்க நாங்கள் வரைவோம் இந்த மாதிரி, யாருக்கு யார் கூட்டாளி என்று. "இது என்னம்மா?" என்றேன். "நாச்சியோட கடை விளையாட்டு எங்கெங்க போகும்னு ஒரு திட்டம் ஐயா. அவ போற பக்கம் நாங்க சாமான் எடுத்து வைப்போம்" என்றாள் முஹ்ஸினா. பாருங்கள், ஒளிக்கவே இல்லை. என் முகத்துக்கு நேரேயே சொல்கிறாள்.

அப்போது பார்த்து மணல் தொட்டியில் நாச்சியாருக்கும் ரிஃபாத்துக்கும் சண்டை. அவன் சட்டியைப் பிடித்து இழுக்கிறான், இவள் விட மாட்டேன் என்கிறாள், இரண்டும் சேர்ந்து அலறுகிறது. டீச்சர் போய்ப் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். தடுக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறாள்! "ஏம்மா, கண்ணு முன்னால சண்டை நடக்கு, நீ பாட்டுக்கு எழுதுதியே?" என்றேன். "அவங்களே பேசி முடிச்சுக்கிடுதாங்களான்னு பாக்குதேன் ஐயா" என்றாள். நாங்களும் ஸ்டேஷனில் புகார் கொடுக்க வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வோம். கொஞ்ச நேரத்தில் சட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டும் மணலை அள்ளிப் போனது உண்மை. ஆனால் அதையும் எழுதிக்கொண்டாள்.

இதற்கு மேல் சும்மா இருந்தால் நான் என்ன தாத்தா? மறுநாள் வண்டியில் கூட்டிப்போகும்போது பிள்ளையிடம் சொன்னேன்: "ஏட்டி நாச்சி, இனிமே அங்கன எந்தச் சாமானையும் தொடாத. கையக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கோ. யாரு என்ன கேட்டாலும் 'எனக்குத் தெரியாது'ன்னு மட்டும் சொல்லு." பிள்ளை யோசித்தது. "இது விளையாட்டா தாத்தா?" என்றது. அவசரத்தில் "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

அன்று மத்தியானம் குறிப்பு வந்தது: "நாச்சியார் இன்று எதையும் தொடவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு 'எனக்குத் தெரியாது, எங்க தாத்தாட்ட கேளுங்க' என்றாள்." என் பேரைச் சொல்லச் சொல்லி நான் சொல்லவில்லை. அது பிள்ளை தானாகச் சேர்த்தது. இருந்தாலும் பதிவு சுத்தமாக இருக்கிறதே என்று எனக்கு ஒரு சந்தோஷம். கடற்கரைக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சந்தோஷம் வீடு வரைக்கும்தான். வீட்டிலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. "சாப்பிடுதியா?" "எனக்குத் தெரியாது." "அம்மா எங்க?" "எனக்குத் தெரியாது." "விளையாட்டு முடிஞ்சு போச்சு தாயி, போதும்" என்றேன். "எனக்குத் தெரியாது" என்றது. விளையாட்டை எப்படி நிறுத்துவது என்று நான் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன், மாப்பிள்ளை. ஒரு வாரமாக இதே நிலைமை. முன்பெல்லாம் கட்டிலுக்கு அடியில் கடை போட்டு என் செருப்பையும் மூக்குக் கண்ணாடியையும் எனக்கே விற்கும். பேரம் பேசினால் கோபித்துக்கொண்டு கடையை மூடிவிடும். இப்போது கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை. கண்ணாடி வைத்த இடத்திலேயே இருக்கிறது. நேற்று ஜெயசித்ரா என்னை நிறுத்தி, "அப்பா, பிள்ளைட்ட என்ன சொல்லி வச்சிருக்கிய?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாது" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலும் அதே வந்திருப்பது உறைத்தது. அவள் என்னோடு பேசவில்லை.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். எழுதி எழுதிப் பிள்ளையை மிரட்டிவிட்டார்கள். என்னால் வந்தது பாதி இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எழுதாமல் இருந்தால் நான் ஏன் சொல்லப்போகிறேன்? ஆகவே பள்ளியை மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்து வந்தேன். பெஞ்சு இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் சொல்கிறார்கள். எந்தப் பிள்ளையைப் பற்றியும் யாரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் கையைக் கட்டித்தான் உட்கார்ந்திருந்தார்கள், அதனால் நம் பிள்ளைக்குப் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. டி.சி.க்கான விண்ணப்பத்தை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டுமாம். உங்கள் மனைவி போட மாட்டாள். நான் பென்சிலில் புள்ளி வைத்திருக்கும் இடத்தில் நீங்கள் போட்டு மறு தபாலில் அனுப்பிவிடவும். இந்த விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

காசிவிசுவநாதரும் உலகம்மையும் உங்களுக்குத் துணை இருக்கட்டும். ராத்திரிக் காவலில் புழுதிக் காற்றுக்குக் காதை மூடிக்கொள்ளவும். கூட இருக்கும் பையன்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நன்மையை விரும்பும் மாமனார்,
மு. முத்துராமலிங்கம்,
சிறப்பு சார்பு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை): ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். கையெழுத்துப் போட வேண்டாம். சாரலில் தபால் பெட்டி வரை போகச் சோம்பல்பட்டது நல்லதாகப் போயிற்று.

நேற்று பிள்ளையின் மாற்றுத் துணியை வாங்கிவரலாம் என்று பள்ளிக்குள் போனேன். மணல் தொட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குட்டி மேஜை, நாற்காலி, வயர் இல்லாத பழைய டெலிபோன், ஒரு நோட்டு, அட்டையில் செய்த காக்கித் தொப்பி. முஹ்ஸினாவிடம் கேட்டேன். "எத கேட்டாலும் 'எங்க தாத்தாட்ட கேளுங்க'ன்னே சொல்லுதா ஐயா. அத எழுதி வச்சிருந்தேன். தாத்தா என்ன வேலை பாத்தாகன்னு அவ அம்மாட்ட கேட்டேன். அதான் இன்னைக்கு ஸ்டேஷன் போட்டிருக்கு" என்றாள். "இதுக்காம்மா இவ்வளவு நாளும் எழுதுன?" என்றேன். "இதுக்குத்தான் ஐயா" என்றாள். எனக்கு முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

நாச்சியார் கையைக் கட்டிக்கொண்டு மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு கட்டின கையை அவிழ்த்தது. தொப்பியை மாட்டி, நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, பேனாவை எடுத்து, "அடுத்து யாரு?" என்றது. ரிஃபாத் ஓடிவந்தான். "என் சட்டிய எடுத்துட்டாவ." "யாரு எடுத்தா?" "நீதான்." பிள்ளை அதையும் எழுதிக்கொண்டது. ஸ்டேஷன் பேரிலேயே வந்த புகாரை ஸ்டேஷனே எழுதி நான் பார்த்ததில்லை. சட்டியையும் கையோடு கொடுத்து அனுப்பிவிட்டது.

அடுத்து என்னைக் கூப்பிட்டது. "தாத்தா, இங்கன வந்து நில்லுங்க. என்ன செஞ்சிய?" எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள், முஹ்ஸினா எழுதிக்கொண்டிருக்கிறாள். "பிள்ளைய விளையாடாதன்னு சொல்லிட்டேன் ஐயா" என்றேன். நீளமாக ஒரு கோடு போட்டது. "தப்பு. தெனமும் காலைல வந்து கையெழுத்துப் போடணும்" என்றது. "எத்தன நாளைக்குய்யா?" "நான் பெரிய பிள்ளையாகுத வரைக்கும்." இன்று போய்ப் போட்டுவிட்டு வந்தேன். பள்ளியை மாற்றினால் என் கண்டிஷன் ஜாமீன் ரத்தாகிவிடும், ஆகையால் விண்ணப்பத்தை நானே கிழித்துவிட்டேன். ஜெயசித்ராவும் பேசிவிட்டாள்.

ஆனால் உங்கள் பேரிலும் ஒரு புகார் பதிவாகியிருக்கிறது. கொடுத்தவர் நாச்சியார், எழுதியவரும் நாச்சியார்: "எங்க அப்பா பொங்கலுக்கு வாரேன்னாக. வரல." நான் சமாதானம் பேசிப் பார்த்தேன், ஒத்துக்கொள்ளவில்லை. லீவு கிடைத்ததும் நேரில் வந்து ஆஜராகிவிடுவது நல்லது, மாப்பிள்ளை.